யாட் கிளப்பா, ஹேவனா, ரிட்ரீட்டா, ஸ்டார் கிளாஸா?

ஐயாயிரம் பேர் ஏறும் கப்பலில் சில அறைகளை மட்டும் தனியாகப் பிரித்து, அவற்றுக்கென்று ஒரு சாப்பாட்டுக்கூடம், ஓய்வுக்கூடம், வெயில்தளம், பட்லர் என்று ஒதுக்கி வைத்திருப்பதைத்தான் ‘கப்பலுக்குள் கப்பல்’ என்கிறார்கள். சாதாரண பால்கனி அறையின் விலையைப் போல இரண்டு மடங்கு ஆகும், சில பயணங்களில் அதற்கும் மேலே போகும். இவ்வளவு கொடுத்து முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் அறையின் படத்தைப் பார்த்துத்தான் முன்பதிவு செய்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது கதவை. கார்டைத் தட்டினால் மட்டும் திறக்கும் அந்தக் கதவு உங்கள் அறை எண்ணுக்குத் திறக்குமா? உள்ளே என்னென்ன இருக்கிறது? உள்ளே போன பிறகும் எதற்கெல்லாம் தனிக் காசு? எம்எஸ்சியின் யாட் கிளப், நார்வீஜியனின் ஹேவன், செலிபிரிட்டியின் ரிட்ரீட், ராயல் கரீபியனின் ஸ்டார் கிளாஸ் ஆகிய நான்கும் வேறுபடுவது இந்தக் கேள்விகளில்தான்.

கதவு யாருக்குத் திறக்கும்

எம்எஸ்சி நிறுவனத்தின் யாட் கிளப்பில் குழப்பம் குறைவு. 2008-இல் ‘ஃபான்டாசியா’ கப்பலோடு தொடங்கியது. அறையின் வகைக் குறியீடு ஒய்சி என்று தொடங்கினால் நீங்கள் உள்ளே. பல கப்பல்களில் ஜன்னலே இல்லாத யாட் கிளப் உள்ளறைகளும் உண்டு, அவற்றின் குறியீடு ஒய்ஐஎன். அந்த அறையில் இருப்பவருக்கும் அதே உணவகம், அதே குளம், அதே பட்லர். பகல் முழுக்க வெளியே இருந்து, தூங்க மட்டும் அறைக்கு வருகிறவர்களுக்கு இந்த நான்கு நிறுவனங்களிலும் இதைவிட லாபமான வழி கிடையாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எம்எஸ்சியின் எல்லாக் கப்பலிலும் யாட் கிளப் இல்லை. லிரிகா வகைச் சிறிய கப்பல்களில் சூட் என்ற பெயரில் அறை விற்பார்கள், கிளப் இருக்காது.

நார்வீஜியனின் ஹேவனில் கூடுதல் கவனம் வேண்டும். ‘கிளப் பால்கனி சூட்’ என்று பெயர் இருந்தாலும் அது ஹேவன் கிடையாது, கொஞ்சம் பெரிய பால்கனி அறை, அவ்வளவுதான். ஹேவன் அறைகளின் குறியீடு எச் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். எஸ்-இல் தொடங்கினால் அது ஹேவனுக்கு வெளியே இருக்கும் சூட். பட்லர் வருவார், தனி வளாகம் இல்லை. கப்பலின் வயதும் முக்கியம். ஜுவல், ஜேட், பேர்ல், ஜெம் ஆகிய பழைய கப்பல்களில் ஹேவன் என்றால் நடுவே சிறு குளம் வைத்த முற்றமும் வெயில்தளமும்தான். தனி ஹேவன் உணவகம் கிடையாது, காலையும் மதியமும் கட்டண உணவகம் ஒன்றைச் சூட்காரர்களுக்குத் திறந்துவிடுவார்கள். எஸ்கேப், பிளிஸ், என்கோர், பிரைமா, விவா போன்ற கப்பல்களில்தான் உணவகமும் பாரும் ஓய்வுக்கூடமும் சேர்ந்த முழு ஹேவன் இருக்கிறது. விலைப்பட்டியலில் இரண்டுக்கும் ஒரே பெயர். ஹேவனை நினைத்துப் பணம் கட்டிவிட்டு பழைய கப்பலில் ஏறி ஏமாறுவது இதனால்தான்.

செலிபிரிட்டியின் ரிட்ரீட்டில் அறைகள் ஒரே இடத்தில் இல்லை. 2018-இல் வந்த ‘எட்ஜ்’ கப்பலிலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் ஸ்கை சூட்டுகள் கப்பல் முழுக்கப் பல தளங்களில் சிதறிக் கிடக்கின்றன. உணவகம், ஓய்வுக்கூடம், வெயில்தளம் மட்டும்தான் தனி. அறைக் கதவைத் திறந்தால் பொது நடைவழி. தனி வளாகத்தில் குடியிருக்கிற உணர்வுதான் வேண்டும் என்றால் இது ஒத்துவராது. அக்வா கிளாஸ், கன்சியர்ஜ் கிளாஸ் என்ற அறை வகைகள் இரண்டும் ரிட்ரீட்டில் சேராது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ராயல் கரீபியன் 2016-இல் சூட்டுகளை சீ, ஸ்கை, ஸ்டார் என்று மூன்றாகப் பிரித்தது. ஜூனியர் சூட் எடுத்தால் சீ. கோஸ்டல் கிச்சன் உணவகத்தில் இரவுச் சாப்பாடு மட்டும் கிடைக்கும், ஓய்வுக்கூடம் திறக்காது. கிராண்ட் சூட் எடுத்தால் ஸ்கை. உணவகம் மூன்று வேளையும், ஓய்வுக்கூடமும் வெயில்தளமும் உண்டு. ஸ்டார் என்பது ஒயாசிஸ், ஐகான் போன்ற பெரிய கப்பல்களில் உள்ள சில உச்சகட்ட சூட்டுகளுக்கு மட்டும். ஒயாசிஸ் வகையில் கிரவுன் லாஃப்ட் இரண்டு மாடி கொண்ட அறை. பார்த்தால் ஸ்டார் என்றே தோன்றும். ஆனால் அது ஸ்கை.

விலைக்குள் என்ன, வெளியே என்ன

யாட் கிளப்பும் ஹேவனும் இங்கேதான் நேருக்கு நேர் மோதுகின்றன.

யாட் கிளப் விலைக்குள் உயர்வகை பானப் பேக்கேஜ் கப்பல் முழுவதற்கும் வருகிறது. அறையின் மினிபார், வைஃபை, ஸ்பாவில் நீராவி அறைகள் இருக்கும் தெர்மல் பகுதி எல்லாமே அடக்கம். ஸ்டேக், சுஷி போன்ற சிறப்பு உணவகங்களுக்குத்தான் தனிக் காசு.

ஹேவனில் அறையும் இடமும் உணவகமும் விலைக்குள் வரும். பானம் அப்படித் தானாக வராது, சலுகையோடு ஒட்டி வருவது. ‘இலவசம்’ என்று காட்டும் பான பேக்கேஜுக்கும் அதன் முழு விலையில் 20 சதவீதம் சேவைக் கட்டணமாக முன்கூட்டியே வாங்கிவிடுவார்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 20 டாலருக்கு மேல் வரும். இரண்டு பேர், ஏழு இரவு என்றால் 280 டாலரைத் தாண்டிவிடும். சலுகையில் வரும் வைஃபை நிமிடக் கணக்கா, முழுப் பயணத்துக்கா என்பதையும் பாருங்கள். தெர்மல் பகுதிக்கு ஸ்பா வகை அறை எடுத்தவர்களைத் தவிர மற்றவர்கள் தனி பாஸ் வாங்க வேண்டும். தினசரி சேவைக் கட்டணமும் சாதாரண அறையைவிட ஹேவனுக்கு அதிகம். இவ்வளவையும் கூட்டிய பிறகுதான் யாட் கிளப் விலையோடு ஒப்பிட வேண்டும். இணையத்தில் காட்டும் இரண்டு எண்களை அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு தப்பிவிடும்.

மது அருந்தாத குடும்பம் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். யாட் கிளப்பில் அந்தப் பேக்கேஜ் வேண்டாம் என்று சொல்லி விலையைக் குறைக்க முடியாது. காபி, பழச்சாறு, தண்ணீர் பாட்டிலுக்கு மட்டுமே அது பயன்படும். ஹேவனில் பான பேக்கேஜை எடுக்காமல் விட்டால் அந்த 20 சதவீதமும் மிச்சம். மது தொடாத தம்பதிக்கு, புதிய கப்பலாக இருந்தால், ஹேவனே கட்டுப்படியாகும் பயணங்கள் உண்டு.

ரிட்ரீட்டில் உயர்வகை பானமும் வைஃபையும் அடக்கம். சிறப்பு உணவகங்கள் பென்ட்ஹவுஸ், ஐகானிக் போன்ற உயர்ந்த சூட்டுகளுக்கு மட்டுமே இலவசம். ராயல் கரீபியனின் ஸ்கையில் வைஃபை உண்டு, பான பேக்கேஜ் இல்லை. ஓய்வுக்கூடத்தில் மாலை சில மணி நேரம் பானம் தருவார்கள். ஸ்டாரில் பானம், எல்லாச் சிறப்பு உணவகங்கள், வைஃபை, தினசரி சேவைக் கட்டணம் எல்லாம் உள்ளே. மேலே ஜீனி என்ற பொறுப்பாளரும் வருவார்.

கப்பலில் எங்கே இருக்கிறது

யாட் கிளப் கப்பலின் முன்முனையில், மேல் தளங்களில் இருக்கிறது. டாப் செயில் ஓய்வுக்கூடத்தின் பெரிய கண்ணாடிகளுக்கு முன் உட்கார்ந்தால் கேப்டன் பார்க்கும் அதே கடல் தெரியும். அந்தக் காட்சிக்கு ஈடு வேறு நிறுவனத்தில் கிடைப்பது கடினம். ஆனால் அலை எழும்போது கப்பல் நடுவை அச்சாக வைத்து முன்னும் பின்னும் ஏறி இறங்கும். அதனால் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு, முனைகளில் அதிகம். உயரம் கூடக் கூட பக்கவாட்டு ஆட்டமும் கூடும். தலைசுற்றல் உள்ளவர்கள் யாட் கிளப் எடுப்பதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். ரிட்ரீட்டின் அறைகள் சிதறிக் கிடப்பது இவர்களுக்கு வசதி. கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் ஒரு ஸ்கை சூட்டைத் தேடி எடுக்கலாம். குமட்டல் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, கப்பல் ஆடத் தொடங்கும் முன்பே போட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டால் வயிற்றில் தங்காது.

வெயில்தளத்துக்குக் காற்றுதான் பகை. கப்பல் 20 நாட் வேகத்தில் போனால் அதுவே மணிக்கு 37 கிலோமீட்டர் எதிர்க்காற்று. இயற்கைக் காற்றும் எதிரே வந்தால் இன்னும் மேலே. யாட் கிளப்பின் குளத்தருகே, எந்தத் துறைமுகத்திலும் நிற்காத கடல்நாளில் துண்டு பறக்கும், புத்தகம் புரளும். அந்தத் தளத்தைத் துறைமுகத்தில் நிற்கும் நாளில் அனுபவியுங்கள். ஊரெல்லாம் இறங்கிப் போயிருக்கும், குளம் உங்களுக்கே. நார்வீஜியன் 2022-இல் பிரைமா கப்பலில் ஹேவனைப் பின்முனைக்கு மாற்றியது, மறு ஆண்டு வந்த விவாவிலும் அப்படியே. எதிர்க்காற்றைக் கப்பலின் உடலே தடுத்துவிடுவதால் கடல்நாளிலும் வெளியே உட்கார முடிகிறது. வெயில்தளம் என்ற ஒன்றை மட்டும் வைத்துச் சொன்னால் இந்த ஹேவனுக்கே முதலிடம்.

சாப்பாடு

நான்கில் ரிட்ரீட்டின் லூமினே உணவகம் ஒரு படி மேல். யாட் கிளப் உணவகம் நிதானமான, நேரம் குறிக்காத சாப்பாடு. ஹேவன் உணவகத்தின் மெனு நாளுக்கு நாள் அதிகம் மாறாது, ஏழாம் நாள் அலுத்துவிடும். வாரத்தில் இரண்டு மூன்று வேளை வெளியே சாப்பிடத் திட்டமிடுங்கள்.

சைவர்கள் இதைக் கவனமாகச் செய்ய வேண்டும். சிறிய உணவகம் என்பதால் மெனுவும் சிறியது. சைவம் என்று ஒன்றிரண்டு வகைதான் இருக்கும், பெரும்பாலும் பாஸ்தாவோ காளானோ. முன்பதிவு செய்யும்போதே சைவம், வெங்காயம் பூண்டு இல்லாமல், முட்டை கூடாது என்று எது உங்கள் தேவையோ அதை எழுத்தில் பதியச் செய்யுங்கள். அதோடு விடாதீர்கள், அந்தக் குறிப்பு சமையலறைவரை போய்ச் சேராமல் போவது சகஜம். ஏறிய முதல் மதியமே உணவக மேலாளரைப் பார்த்து, “நாளை இரவுக்கு இந்தியச் சைவச் சாப்பாடு வேண்டும்” என்று கேளுங்கள். கப்பல் சமையலறைகளில் இந்தியச் சமையல்காரர்கள் பெரும்பாலும் இருப்பார்கள். பருப்பு, சோறு, காய்க் கூட்டு, சப்பாத்தி ஒருநாள் முன்னால் சொன்னால் வரும். அன்றைக்கே கேட்டால் வராது. தினமும் இரவு சாப்பிட்டு எழுந்திருக்கும்போதே மறுநாளைக்குச் சொல்லிவிடுவது நல்ல பழக்கம். பொது பஃபேயை மட்டமாக நினைக்க வேண்டாம். ராயல் கரீபியனின் விண்ட்ஜாமரில் இந்தியக் கறி வகைகள் வழக்கமாகவே இருக்கும்.

பட்லர், ஜீனி, டிப்ஸ்

பட்லர் முதல் நாள் அறைக்கு வந்து தன்னை அறிமுகம் செய்துகொள்வார். அந்த ஐந்து நிமிடத்தை “ஒன்றும் வேண்டாம், நன்றி” என்று அனுப்பிவிடுவதால்தான் பலருக்கும் பட்லர் வீணாகப் போகிறார். அப்போதே சொல்ல வேண்டியவை: காலை காபி எத்தனை மணிக்கு, பாலோடா இல்லாமலா, மினிபாரில் எதை எடுத்துவிட்டு எதை வைக்க வேண்டும், எந்தச் சட்டைக்கு இஸ்திரி, எந்த இரவு எந்த நிகழ்ச்சி. யாட் கிளப் பட்லர் நாடக அரங்குக்கும் துறைமுக இறங்குவாசலுக்கும் கூடவே வந்து வழிகாட்டுவார், கேட்டால்தான். ஹேவனில் முன்பதிவு, கரைக்குப் போகும் படகில் முதலில் இறங்குவது போன்றவை கன்சியர்ஜ் எனும் உதவிப் பொறுப்பாளர் கையில், அறைக்குள் உள்ள வேலை பட்லர் கையில். ஒருவரிடம் கேட்க வேண்டியதை மற்றவரிடம் கேட்டால் தாமதமாகும்.

ஸ்டார் கிளாஸ் ஜீனி பயணத்துக்குச் சில வாரம் முன்பே மின்னஞ்சலில் விருப்பங்களைக் கேட்பார். அந்தப் படிவத்தை முழுதாக நிரப்புங்கள். சறுக்கு விளையாட்டு, அலைச்சறுக்கு, நிகழ்ச்சி இருக்கை என்று எல்லா வரிசையையும் தாண்டி அழைத்துப்போவது அவர் வேலை. இரண்டு பிள்ளைகளோடு ஒயாசிஸ் வகைக் கப்பலில் போகும் வசதியான குடும்பத்துக்கு இதைவிட உபயோகமான ஏற்பாடு வேறெங்கும் இல்லை. பிள்ளைகள் இல்லாத தம்பதிக்கு அந்த விலை வீண்.

நார்வீஜியனில் தினசரி சேவைக் கட்டணத்தில் பட்லரும் கன்சியர்ஜும் சேர மாட்டார்கள். தனியாகக் கொடுப்பதே முறை. பட்லருக்கு அறைக்கு நாளொன்றுக்கு 5 முதல் 10 டாலர் என்பது பலரும் பின்பற்றும் அளவு. ஜீனிக்கு அதைவிட நன்றாகவே கூடுதல். சில்லறை நோட்டுகளை ஊரிலேயே மாற்றிக்கொண்டு போங்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஏறுகிறவர்களுக்கு

சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய் அங்கே கப்பல் ஏறும் குடும்பங்களுக்கு ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. ஸ்டார்டிரீம் குரூசஸ் (முன்பு ரிசார்ட்ஸ் வேர்ல்டு குரூசஸ்) நிறுவனத்தின் ஜென்டிங் டிரீம் கப்பலில் ‘தி பேலஸ்’. தனி உணவகம், தனி குளம், பட்லர் எல்லாம் உண்டு. கப்பலில் இந்தியச் சைவமும் ஜைன உணவும் கிடைப்பதால் மேலே சொன்ன சாப்பாட்டுக் கவலை பாதி குறையும். ஆனால் பயணங்கள் குறுகியவை. இரண்டு, மூன்று இரவில் பட்லரின் சேவையை அனுபவிக்க நேரம் போதாது. விடுமுறைக் கூட்டத்தில் ஏறும் வரிசையைத் தாண்டுவதற்காகவும், பெரியவர்களை உட்கார வைக்க அமைதியான இடத்துக்காகவும் எடுக்கலாம். நான்கு இரவுக்குக் குறைந்தால் பால்கனி அறையே போதும்.

ஏறும் நாள், இறங்கும் நாள்

சூட்டுக்கான லக்கேஜ் டேக்கைத் தனியாக அச்சடித்துப் பெட்டியில் மாட்டுங்கள். துறைமுகத்தில் பொது வரிசையில் நிற்காமல், கிளப்பின் பெயர்ப்பலகையைத் தேடி நேராகப் போங்கள். மருந்து, பாஸ்போர்ட், நீச்சலுடை கைப்பையில் இருக்கட்டும். பெட்டி அறைக்கு வர மாலையாகலாம். இந்தியாவின் மூன்று முனை பிளக் அங்கே நுழையாது. இரண்டு முனை சார்ஜர் ஐரோப்பியத் துளையில் பொருந்தும். எக்ஸ்டென்ஷன் கார்டும் இஸ்திரிப் பெட்டியும் சோதனையில் பறிமுதலாகும். மஸ்டர் எனும் பாதுகாப்புப் பயிற்சியில் சூட்டுக்கு விலக்கு இல்லை. ஏறியவுடன் முடித்துவிட்டுக் குளத்துக்குப் போங்கள்.

கடைசி நாளுக்கு முந்தைய மாலையே அறைத் தொலைக்காட்சியிலோ செயலியிலோ பில்லைத் திறந்து வரிவரியாகப் பாருங்கள். பேக்கேஜில் அடங்கிய பானம் தனியாக ஏறியிருப்பது, சிறப்பு உணவகக் கட்டணம் இருமுறை விழுந்திருப்பது போன்றவை அப்போதுதான் கண்ணில் படும். பொது வரவேற்பு மேசையில் அன்று நீண்ட வரிசை நிற்கும். உங்கள் ஓய்வுக்கூடத்துக் கன்சியர்ஜிடம் போனால் உட்கார்ந்தபடியே சரிசெய்து கொடுப்பார். மறுநாள் காலை இறங்க அவசரப்பட வேண்டாம். ஓய்வுக்கூடத்தில் காபியோடு காத்திருந்தால் கூப்பிட்டு, தனி வழியில் வாசல்வரை அழைத்துப்போவார்கள். விமானத்தை மட்டும் நண்பகலுக்குப் பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.