பாளையங்கோட்டையில் நிவாரணத் தொண்டர் பயிற்சி: காலை அருமை, மதியம் சுமார்

ஒரு தொண்டு அமைப்பு நடத்திய ஒருநாள் பயிற்சி. கட்டணம் 300 ரூபாய், மதியம் சொதிச் சாப்பாடு உட்பட. நான் குட்டியானை ஓட்டுகிறவன். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த வெள்ளத்தில் ஏரல் பக்கம் அரிசியும் போர்வையும் ஏற்றிப் போனேன். அதனால் கேட்க வேண்டியது நிறைய இருந்தது.

காலையில் 1994-ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவில், ஜயர் நாட்டின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) கோமா நகரப் பக்கம் இருந்த அகதி முகாம்களைப் பற்றிப் பேசினார்கள். ருவாண்டாவில் இனப்படுகொலை செய்தவர்களே அகதிகளோடு கலந்து ஜயர் நாட்டுக்குள் வந்து, முகாம்களைக் கைக்குள் போட்டுக்கொண்டு, நிவாரண உணவிலும் கை வைத்தார்கள். கொடுத்தால் அவர்களுக்குத் தெம்பு, நிறுத்தினால் பிள்ளைகள் பட்டினி. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு அந்த நவம்பரில் வெளியேறியது. அதே அமைப்பின் வேறு பிரிவுகள் இன்னும் சில காலம் அங்கேயே இருந்தன. "நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டுவிட்டுப் பயிற்சியாளர் உட்கார்ந்துவிட்டார். நல்ல வாக்குவாதம். அவர் கடைசிவரை விடை சொல்லாதது எனக்குப் பிடித்தது. பக்கத்திலிருந்த நர்ஸ் அக்கா மட்டும், "போனவங்களுக்குப் போறதுக்கு இடம் இருந்துச்சுல்லா" என்றார்.

சாப்பாட்டுக்கு அப்புறம் சுதி இறங்கிவிட்டது. 'தேவையைப் பார், ஆளைப் பார்க்காதே' என்று திரையில் போட்டார்கள். சரி, ஆனால் வண்டியை மெயின் ரோட்டிலேயே மறித்து இறக்கிவிடுகிறார்கள், கடைசியில் இருக்கும் காலனிக்குப் போய்ச் சேரும்போது தார்ப்பாய்தான் மிச்சம், மறிக்கிறவர்கள் எந்தத் தெரு என்று சொன்னால் சாதி வந்துவிடும், அப்போது என்ன செய்ய என்று கேட்டேன். "அது லோக்கல் பிரச்சினை, அப்புறம் பேசலாம்" என்றார்கள். பேசவே இல்லை. கோமாவில் சோற்றை யார் பிடித்து வைத்திருந்தார்கள் என்று அவ்வளவு விவரமாகச் சொன்னவர்கள், ஏரல் ரோட்டுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

இன்னொன்று. நிவாரணம் வாங்குகிறவர்களை அனுமதி கேட்காமல் போட்டோ எடுக்கக் கூடாது என்றது நல்ல பாடம். முடிந்ததும் பேனரைப் பிடிக்கச் சொல்லி எங்களை எடுத்தார்கள், யாரையும் கேட்கவில்லை!

கல்லூரிப் பிள்ளைகள் தாராளமாகப் போகலாம். வெள்ளத்தில் வண்டி ஓட்டியவர்களுக்குக் காலை வகுப்பு போதும். ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன், அதில் அரை சொதிக்கு. அடுத்த தடவை காலனியிலிருந்து ஒருவரைப் பேசக் கூப்பிட்டால் இன்னொரு 300 கட்டத் தயார்.