41-இன் முதன்மை மூலம்: மூன்று வழிகளின் ஒப்பீடு

ஒரு பகா எண்ணுக்கு முதன்மை மூலம் காணச் சொன்னால், பெரும்பாலோர் முதலில் 2-ஐத்தான் சோதிப்பார்கள். 11, 13, 19, 29, 37 ஆகியவற்றுக்கு அதுவே விடையாகவும் அமைந்துவிடும். அத்தகைய எண்களை வைத்துக்கொண்டு வழிமுறைகளின் தரத்தை எடைபோட முடியாது. 41-க்கோ 2, 3, 4, 5 என நான்கும் தவறி, 6-இல்தான் முதல் விடை கிடைக்கிறது. நாம் தேடுவது, மட்டு 41-இல் (அதாவது 41-ஆல் வகுத்து மீதியை மட்டும் பார்க்கும்போது) 40-ஆம் அடுக்கை எட்டும்போதுதான் முதன்முறையாக 1-ஐ மீதியாகத் தரும் எண்ணை, அதாவது வரிசை (முதன்முறையாக 1-ஐத் தரும் அடுக்கு) 40 உடைய எண்ணை.

அடுக்குகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போவது முதல் வழி. 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 16, 32, 23, 5, 10, 20, 40 என்று வருகின்றன. மட்டு 41-இல் 40 என்பது −1; அதை வர்க்கப்படுத்தினால் 1 வரும் ஆகையால் 2-இன் வரிசை 20 எனத் தெரிந்துவிடுகிறது. எந்தத் தேற்றமும் இதற்கு வேண்டியதில்லை. ஆனால் தவறான எண்கள் சீக்கிரம் கழிந்துவிட, சரியான எண்ணான 6-தான் நம்மை அதிக நேரம் பெருக்க வைக்கிறது.

இரண்டாம் வழி 40-இன் பகாக் காரணிகளான 2, 5 ஆகியவற்றை மட்டும் பயன்படுத்துகிறது. எந்த எண்ணின் வரிசையும் 40-ஐ வகுக்கும்; அது 40-ஐவிடச் சிறியதானால் 40/2 = 20 அல்லது 40/5 = 8 ஆகிய இரண்டில் ஒன்றையாவது வகுத்தே தீரும். ஆகவே 8-ஆம் அடுக்கும் 20-ஆம் அடுக்கும் 1 ஆகவில்லை என்று காட்டினால் போதும். 40-இன் வகுஎண்கள் அனைத்தையும் சோதித்துத் தாளை நிரப்புவது வீண் வேலை. 6²≡−5 (≡ என்பது 41-ஆல் வகுத்தால் இரண்டுக்கும் ஒரே மீதி என்பதன் குறி; 36 − 41 = −5), 6⁴≡25, 6⁸≡10, 6¹⁶≡18, எனவே 6²⁰≡18×25≡−1. ஐந்தே பெருக்கல்களில் முடிவு தெரிந்துவிட்டது. ஒரு மூலம் கிடைத்தபின் மற்றவற்றைத் தனியே தேட வேண்டியதில்லை: 40-உடன் சார்பகா எண்ணாக (1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாததாக) உள்ள அடுக்குகளுக்கு 6-ஐ உயர்த்தினால் அனைத்தும் கிடைக்கும். அவற்றின் எண்ணிக்கை, 40 வரை அதனுடன் சார்பகாவாக உள்ள எண்களை எண்ணும் ஆய்லரின் ஃபை சார்பின்படி, ஃபை(40) = 40×(1/2)×(4/5) = 16. நாற்பதுக்குப் பதினாறு என்பதால், கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண்ணை எடுத்தாலும் ஐந்தில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. இந்த வழி நடைமுறையில் எடுபடுவதற்கு அதுவே காரணம்.

மூன்றாவது, ஜெர்மானியக் கணிதவியலர் காவுஸ் 1801-இல் விளக்கிய இணைப்பு முறை. தவறிய எண்களையும் இது வீணாக்குவதில்லை. 3⁴ = 81≡−1 என்பதால் 3-இன் வரிசை 8. 2-இன் வரிசை 20 என்பதால் 2⁴ = 16-இன் வரிசை 5. 8-உம் 5-உம் சார்பகா எண்கள்; வரிசைகள் அப்படி அமைந்தால் பெருக்கற்பலனின் வரிசை அவ்விரு வரிசைகளின் பெருக்கலே; எனவே 3×16 = 48≡7-இன் வரிசை 40. தோற்றுப்போன இரண்டு எண்களிலிருந்தே, மேலும் சோதனை எதுவுமின்றி, 7 என்ற முதன்மை மூலம் உருவாகிவிட்டது. சார்பகா என்ற நிபந்தனையைத் தவறவிடுவோர்தான் இங்கே வழுக்கி விழுகிறார்கள். 2, 5 இரண்டின் வரிசையும் 20. அவற்றின் பெருக்கற்பலன் 10-இன் வரிசையோ வெறும் 5. (10⁵ − 1 = 99999 = 41×2439 என்பதே அதற்குச் சான்று; 1/41-இன் தசம விரிவில் 02439 என்ற ஐந்து இலக்கங்கள் திரும்பத் திரும்ப வருவதும் இதனால்தான்.)

தேர்வுத் தாளில் இரண்டாம் வழியையே நான் பரிந்துரைப்பேன்; முதல் இரண்டு மூன்று எண்கள் தவறி, அவற்றின் வரிசைகளும் கைவசம் இருக்குமானால் மூன்றாவதற்கு மாறுவது நல்லது. இரண்டுக்குமே, பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் எண்ணின் பகாக் காரணிகள் தெரிந்தாக வேண்டும். 65537-ஐ எடுத்துக்கொண்டால் 65536 = 2¹⁶ என்பதால் ஒரே பகாக் காரணிதான்; இணைப்பதற்கு வேறு பகுதி இல்லாமல் காவுஸின் முறைக்கு அங்கே வேலையே இல்லை. இரண்டாம் வழியிலோ 3-ஐப் பதினைந்து முறை வர்க்கப்படுத்தி 32768-ஆம் அடுக்கில் −1 வருவதைக் காட்டினாலே போதும்.