முதல் 4×5 கேமரா: மடக்கு மரக்கேமராவா, பழைய மோனோரயிலா?

4×5 என்றால் 4×5 அங்குல ஷீட் பிலிமில் படமெடுக்கும் பெரிய கேமரா. மடக்கு கேமரா பெட்டிபோல் மடங்கிவிடும். மோனோரயிலில் லென்ஸும் பிலிமும் ஒரே தண்டின் மேல் நிற்கும்.

எடை: இன்ட்ரெபிட் போன்ற மடக்கு கேமரா சுமார் 1.2 கிலோ, மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குத் தோள்பையிலேயே போய்விடும். மோனோரயில் 3 முதல் 5 கிலோ. டிரைபாடும் அதற்கேற்ற கனத்தில் வேண்டும்.

காற்று: முட்டம் பாறையில் இரண்டின் பெல்லோஸும் (லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே உள்ள துருத்தி) காற்றுப் பிடிக்கும் கப்பல் பாய் மாதிரிதான். லேசான மரக்கேமரா கூடுதலாக ஆடும். டிரைபாடின் நடுவில் தண்ணீர் கேனைத் தொங்கவிடுங்கள்.

அசைவு: சுசீந்திரம் ராஜகோபுரம் பின்னால் சாயாமல் விழ, கேமராவை நேராக நிறுத்தி லென்ஸை மட்டும் மேலே ஏற்ற வேண்டும். மோனோரயிலில் இது தாராளம். ஆனால் லென்ஸின் பட வட்டம் (லென்ஸ் உள்ளே விழச்செய்யும் வட்டமான படம்) சிறியதென்றால் மூலை கறுத்துவிடும்.

விலை: சுமக்க ஆளில்லாததாலோ என்னவோ, பழைய மோனோரயில் பெரும்பாலும் மலிவு. பெல்லோஸைச் சோதிக்காமல் காசு கொடுக்காதீர்கள். இருட்டறையில் உள்ளே டார்ச்சை வைத்து மடிப்பு மூலைகளைப் பாருங்கள். ஊசி ஓட்டை நட்சத்திரமாய் மின்னும், பிலிமில் புகைமூட்டமாய் விழும்.

துணைப்பொருள் இரண்டுக்கும் ஒன்றே: 150 மி.மீ. எஃப்5.6 லென்ஸ், மூன்று பிலிம் ஹோல்டர் (ஆறு ஷீட்), லூப் (ஃபோகஸ் பார்க்கும் உருப்பெருக்கி), கறுப்புத் துணி, கேபிள் ரிலீஸ் (கேமராவைத் தொடாமல் ஷட்டரை இயக்கும் கம்பி). கோப்பல் (Copal) 0 அளவு ஷட்டருக்கு லென்ஸ் போர்டில் (லென்ஸைப் பொருத்தும் பலகை) 34.6 மி.மீ. துளை, துளை பெரிதான கோப்பல் 1 போர்டை வாங்கினால் லென்ஸ் நிற்காது. கடற்காற்றில் லென்ஸ் பூஞ்சை பிடிக்கும், சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

மலை, கடற்கரை என்று நடப்பவருக்கு மடக்கு கேமரா. கோபுரம், கட்டடம், வீட்டு மேசைப் படங்களுக்கு மோனோரயில்.