கடையின் பெயரை நம்பி வாங்கிய கலியாணச் சப்பாத்து: லண்டன் சனத்துக்கு ஓர் எச்சரிக்கை

இந்த வருடம் வீட்டில் கலியாணம் வைத்திருக்கிறவர்கள் சப்பாத்தை ஒன்லைனில் ஓடர் பண்ண முன் இதை ஒருக்கால் வாசியுங்கள். ஹை ஸ்ட்ரீட்டில் எங்கள் பெற்றோர் காலத்திலிருந்தே இருக்கும், எல்லோருக்கும் பழக்கமான ஒரு கடையின் இணையத்தளத்தில் தங்கச்சிக்கு ஒரு சோடி வாங்கினோம். விலை 42 பவுண். வந்த சாமான் குப்பை. காசு கடைசியில் கிடைத்தது, ஆனால் கடையும் தரவில்லை, விற்றவனும் தரவில்லை. வங்கிதான் பிடுங்கித் தந்தது.

கடையின் பெயரைக் கேட்டு உள்பெட்டிக்கு வரவேண்டாம். ஒரு பெயரைத் தவிர்த்துவிட்டால் தப்பிவிடலாம் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. இதே ஏற்பாடு இப்போது பல கடைகளில் இருக்கிறது.

"எங்கட கலியாணத்தில சப்பாத்து எதுக்கு?" என்று மாமி கேட்டா. மணவறையில் வெறுங்கால்தான், சரி. ஆனால் றெஜிஸ்ட்ரேஷன் இருக்கிறது, பின்னேரம் ரிசப்ஷன் இருக்கிறது, நடுவில் படம் எடுக்கிறவர் பூங்காவுக்குள் இழுத்துக்கொண்டு திரிவார். புல்லில் மெல்லிய ஹீல் புதையும் என்பதால் தடித்த ஹீலாகத் தேடினோம். ஐவரி நிறம், சாட்டின் துணி, அகலமான பாதத்துக்கான அளவு. கலியாணக் கடைக்குள் போனால் அதே மாதிரிச் சோடிக்கு மூன்று மடங்கு சொல்கிறார்கள். கலியாணம் என்ற சொல்லைச் சேர்த்தாலே விலையும் சேர்ந்து ஏறுகிறது, அது தனிக் கதை. ஹை ஸ்ட்ரீட் கடையைத் தேர்ந்ததற்கு அம்மா சொன்ன காரணம் ஒன்றுதான்: "பிழையெண்டால் கொண்டுபோய்க் கடையிலயே குடுக்கலாம்."

பார்சல் சொன்ன திகதிக்கு வெகுநாள் பிந்தி வந்தது. பையில் கடையின் பெயரே இல்லை. அனுப்பியவர் என்ற இடத்தில் நாங்கள் கேள்விப்படாத ஏதோ ஒரு நிறுவனம். பெட்டி ஒரு மூலையில் நசிந்திருந்தது, திறந்ததும் பசை மணம் மூக்கில் அடித்தது. தங்கச்சி இரண்டு சப்பாத்தையும் யன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இது ரெண்டும் ஒரே நிறமோ?" என்றாள். இல்லை. ஒன்று ஐவரி. மற்றது பழைய பத்திரிகைத்தாள் போல மஞ்சள். இடது ஹீல் அடியோடு சேரும் இடத்தில் பசை கோடாக வழிந்து காய்ந்திருந்தது. கம்பளத்தில் நாலு அடி நடந்தாள், அந்த ஹீல் உள்பக்கம் சரிந்தது. அகலமான அளவு என்று பெட்டியில் ஒட்டியிருந்தது, விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன.

அதைவிட மோசமான ஒன்றை உள்ளே ஒட்டியிருந்த சிறிய லேபலில் பார்த்தேன். இதைப் பலபேர் கவனிப்பதில்லை. இந்த நாட்டில் சப்பாத்து விற்கிறவர் அது எதால் செய்யப்பட்டது என்று காட்டவேண்டும் என 1995ஆம் ஆண்டின் விதி ஒன்று இருக்கிறது. மேற்பகுதி, உட்பகுதி, அடி என்று மூன்றுக்கும் தனித்தனி அடையாளம். விரித்த விலங்குத் தோலின் வடிவம் போட்டிருந்தால் தோல். வலைபோல் கட்டம் போட்டிருந்தால் துணி. வெறும் சாய்சதுரம் போட்டிருந்தால் 'மற்றவை', அதாவது அனேகமாகப் பிளாஸ்டிக் வகை. தோல் வடிவத்துக்குள் சின்னச் சாய்சதுரம் இருந்தால் மேலே பூச்சுப் பூசிய தோல். அந்தப் பகுதியின் மேற்பரப்பில், அடி என்றால் அதன் கனவளவில், குறைந்தது 80 வீதம் எதுவோ அதைத்தான் குறிக்க வேண்டும். இணையத்தளத்தில் எங்கள் சோடிக்குச் சாட்டின் மேற்பகுதி, தோல் உட்பகுதி என்று எழுதியிருந்தது. லேபலில் மூன்றும் சாய்சதுரம்.

இதை உடனே படம் எடுத்தேன். பிறகு எல்லாச் சண்டையிலும் வென்றது அந்தப் படம்தான். நிறம் வேறுபடுகிறது என்றால் உங்கள் போன் திரை அப்படி என்பார்கள், ஹீல் சரிகிறது என்றால் நடை பிழை என்பார்கள். லேபலுக்குப் பதில் சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

சரி, அம்மா சொன்னபடி ஹரோவில் இருக்கும் கிளைக்குக் கொண்டுபோனோம். கவுண்டரில் நின்ற பிள்ளை ஓடர் இலக்கத்தை அடித்துப் பார்த்துவிட்டு, இது நாங்கள் விற்றதில்லை, எங்கள் தளத்தில் வேறொரு பங்காளி விற்றது, இங்கே எடுக்க முடியாது என்றாள். நல்ல மரியாதையாகத்தான் சொன்னாள், அவளில் குற்றமில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு இதைச் சொல்கிறாளோ.

விஷயம் இதுதான். இப்போது பெரிய கடைகள் பல தங்கள் தளத்தில் வெளியாட்களையும் விற்க விடுகின்றன. கடைக்குத் தரகு கிடைக்கும், சாமானை வைத்திருக்கும் பொறுப்பு இல்லை. மேலே கடையின் பெயர், அதே எழுத்து, அதே கூடை, அதே பணம் கட்டும் பக்கம். விற்கிறவர் மட்டும் வேறு. அதைச் சொல்லும் வரி விலைக்குக் கீழே சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் இருக்கும். போனில் பார்த்தால் 'டெலிவரி விபரம்' என்பதைத் தட்டினால்தான் விரியும். சட்டப்படி உங்கள் ஒப்பந்தம் அந்த வெளியாளோடு. கடை நடுவில் மேசை போட்டுக் கொடுத்தவர் மட்டும்.

கடைப்பெயர்களின் கதையும் மாறிவிட்டது. டொப்ஷொப், டொரதி பேர்கின்ஸ் கடைகளை எல்லாம் வைத்திருந்த ஆர்கேடியா நிறுவனம் 2020 நவம்பரில் விழுந்தது. அடுத்த வருடம் டொப்ஷொப் பெயரை ஏசொஸ் என்ற ஒன்லைன் நிறுவனம் வாங்கியது, டொரதி பேர்கின்ஸ் பெயரையும் டெபன்ஹம்ஸ் என்ற இன்னொரு பழைய கடையின் பெயரையும் பூஹூ என்ற ஒன்லைன் நிறுவனம் வாங்கியது. பெயர்களை வாங்கினார்கள், கடைகளை வாங்கவில்லை. எங்களுக்கு வயிற்றெரிச்சல் தந்த கடை இவற்றில் ஒன்றும் இல்லை, அதற்கு இன்னும் கிளைகள் இருக்கின்றன. நான் சொல்ல வருவது, அம்மா மனதில் இருக்கும் 'ஹை ஸ்ட்ரீட் கடை' வேறு, இன்று அந்தப் பெயரில் திரையில் வருவது வேறு என்பதைத்தான்.

விற்றவருக்கு எழுதினேன். முதல் பதில் தேன் மாதிரி: மனம் வருந்துகிறோம், சப்பாத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், 15 வீதம் திருப்பித் தருகிறோம். மறுத்தேன். பிறகு 30 வீதம். பிறகு 'மணமகளுக்கு எங்கள் பரிசாக' 40 வீதம். இது பேரம் இல்லை, காலம் கடத்தும் தந்திரம். ஒவ்வொரு பதிலுக்கும் நாட்கள் போகும், திருப்பும் தவணை முடிந்துவிடும். எங்காவது ஒன்றுக்குச் சம்மதம் என்று எழுதிவிட்டால், தீர்ந்த பிரச்சினை என்று கோப்பை மூடிவிடுவார்கள். கடைசியில் வெளிநாட்டு விலாசம் ஒன்றைத் தந்து, உங்கள் செலவில் அனுப்புங்கள் என்றார்கள். தபால் கந்தோரில் விசாரித்தால், பதிவு செய்து அனுப்பச் சப்பாத்தின் விலையில் பாதிக்குக் கிட்ட வருகிறது. கணக்குப் போட்டுத்தான் அந்த விலாசத்தைத் தருகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் ஆட்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

ஒன்லைனில் வாங்கிய சாமான் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் வேண்டாம் என்று அறிவிக்கலாம். அறிவித்தபின் திருப்பி அனுப்ப இன்னும் 14 நாள். 2013ஆம் ஆண்டின் விதி இது. சேலில் வாங்கியது திருப்ப ஏலாது என்று எழுதியிருந்தாலும் அது செல்லாது. சாமான் போய்ச் சேர்ந்ததும், அல்லது அனுப்பியதற்கு அத்தாட்சி காட்டியதும், எது முந்தியோ அதிலிருந்து 14 நாளுக்குள் காசைத் தரவேண்டும், முதலில் நீங்கள் கட்டிய சாதாரண டெலிவரிச் செலவையும் சேர்த்து. இந்த உரிமை இருக்கிறது என்று விற்றவர் உங்களுக்குச் சொல்லவே இல்லை என்றால் அந்த 14 நாள் 12 மாதம் வரை நீளும். வேடிக்கை என்னவென்றால் கடைக்குள் நேரே போய் வாங்கினால் மனம் மாறியதற்காகத் திருப்பித் தரும் சட்ட உரிமையே கிடையாது. அங்கே எடுப்பது கடையின் பெருந்தன்மை.

சாமானில் பிழை இருந்தால் அது வேறு கணக்கு. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுக் காசையும் கேட்கலாம், அனுப்பும் செலவு விற்றவருடையது. 30 நாள் தாண்டினால் முதலில் திருத்தவோ மாற்றித் தரவோ அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். முதல் ஆறு மாதத்துக்குள் பிழை தெரிந்தால் அது தொடக்கத்திலேயே இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று காட்டவேண்டியது விற்றவர். 'கொரியரிடம் கேளுங்கள்' என்று தள்ளிவிட்டாலும் ஏமாறாதீர்கள். சாமான் உங்கள் கைக்கு வரும்வரை பொறுப்பு விற்றவருடையது.

கலியாண வீடுகளில் இந்த 30 நாள்தான் காலை வாருகிறது. சேல் வந்ததென்று ஆறு மாதம் முன்பே வாங்கி, பெட்டியைத் திறக்காமல் அலுமாரிக்கு மேல் வைத்துவிடுவோம். கலியாணத்துக்கு முதல் கிழமை திறந்து பார்த்தால் தவணை எப்போதோ போய்விட்டது. இன்னொன்று, பொலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகையில் அடி போட்ட சப்பாத்து ஈரக்காற்றில் சும்மா இருந்தே சிதையும். வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்த சோடியை மலிவில் தள்ளிவிட்டிருந்தால், பார்க்கப் புதிதாக இருக்கும், போட்டு ஆடத் தொடங்கியதும் அடி தூள்தூளாக உதிரும். வாங்கியவுடன் பெருவிரலால் அடியை அழுத்தி வளைத்துப் பாருங்கள். ஒட்டினாலோ வெடித்தாலோ வேண்டாம்.

சாறி நிறத்துக்குச் சாயம் போடுவித்தால், பெயரும் திகதியும் எழுதுவித்தால், அந்த 14 நாள் உரிமை போய்விடும். பிழைக்கான உரிமை மட்டும் மிஞ்சும். முதலில் வெறும் சோடியை வாங்கிப் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு, சாயத்தை இங்கேயே ஒருவரிடம் கொடுப்பது புத்தி.

எங்கள் காசு எப்படி வந்தது என்றால், சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய காசை வங்கி விற்றவரிடமிருந்து திருப்பி எடுத்துத் தருவது. கிரெடிட் கார்ட் என்றால் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு காப்பாற்றும் என்று பலர் சொல்வார்கள். அது விலை 100 பவுணுக்கு மேல், 30,000 பவுண் வரை என்றால்தான். 42 பவுண் சப்பாத்துக்கு அது உதவாது. சார்ஜ்பேக் சட்டம் இல்லை, கார்ட் நிறுவனங்களின் விதி, ஆனால் டெபிட் கார்டுக்கும் உண்டு, சின்னத் தொகைக்கும் உண்டு. வழக்கமாக 120 நாள் தவணை. வங்கிக்கு நான் கொடுத்தது இணையத்தளத்தில் இருந்த விபரத்தின் படம், லேபலின் படம், வேண்டாம் என்று தவணைக்குள் அறிவித்த மின்னஞ்சல், அந்த 15, 30, 40 வீதப் பதில்கள். விற்றவர் சப்பாத்து போடப்பட்டிருக்கிறது என்று வாதாடிப் பார்த்தார். அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக்கூட நாங்கள் உரிக்கவில்லை, அதையும் படம் எடுத்து அனுப்பினேன். காசு வந்தது. கடையின் வாடிக்கையாளர் சேவை இன்றுவரை இணைய அரட்டையில் 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்றுதான் சொல்கிறது.

இணையத்தளத்தில் இருந்த விபரத்தை ஓடர் போடும் அன்றே படம் எடுத்துவையுங்கள். எங்கள் முறைப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் 'தோல்' என்ற சொல் காணாமல் போய்விட்டது, நல்லகாலம் என்னிடம் பழையது இருந்தது. கடையின் சொந்தச் சாமானை மட்டும் காட்டும்படி பட்டியலை வடிகட்டும் வசதி சில தளங்களில் பக்கவாட்டில் இருக்கும், அதைப் போட்டுக்கொண்டு தேடுங்கள். பின்னேரத்தில், பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம், கம்பளத்தில் மட்டும் போட்டு நடந்து பாருங்கள். கடையில் போட்டுப் பார்ப்பது போலப் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதற்கு மேல் தேய்ந்தால் விற்றவர் காசில் வெட்டலாம்.

முகப்புத்தகத்தில் வரும் 'முப்பது வருடக் குடும்பக் கடை, கண்ணீரோடு மூடுகிறோம், எல்லாம் 80 வீதக் கழிவு' விளம்பரங்களைப் பற்றித் தனியே எழுதவேண்டும். ஆங்கில ஊர்ப் பெயரை ஒட்டிக்கொண்டு, கடையே இல்லாமல் வெளிநாட்டிலிருந்து சாமான் அனுப்பும் கூட்டம் இந்த விளம்பரத்தைத்தான் போடுகிறது. அங்கே வாங்கினால் கதைக்கக்கூட ஆள் கிடையாது.

தங்கச்சி கடைசியில் ஈலிங்கில் ஒரு கடைக்குள் போய், போட்டு நடந்து பார்த்து, 55 பவுணுக்கு ஒன்று வாங்கினாள். ரிசப்ஷன் முடியும்வரை கழற்றவில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருக்கிறவர்கள் இப்படி ஒன்றில் மாட்டிக்கொண்டால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் உதவி எண் 0808 223 1133, இலவசம். கடைகளைக் கண்காணிக்கும் ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு முறைப்பாடு போவதும் அவர்கள் வழியாகத்தான். எடுக்க முன் ஓடர் திகதி, சாமான் கைக்கு வந்த திகதி, வேண்டாம் என்று அறிவித்த திகதி, இந்த மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக் கையில் வைத்திருங்கள். முதலில் கேட்பது அதைத்தான்.