கனடா வேலைக்கு ஆள் அனுப்பும் அலுவலகம்: ராமநாதபுரத்தில் எங்கள் அனுபவம்

கனடாவில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் ஒரு கன்சல்டன்சிக்குத் தம்பிக்காகப் போய் வந்தோம். இடம் ராமநாதபுரம். பெயர் போடவில்லை. தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரை இதே மாதிரி நோட்டீஸ் ஒட்டுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். யாரிடம் போனாலும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று.

தம்பி விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். கடலுக்குப் போனால் இலங்கை நேவி பயம், போகாவிட்டால் கடன். நான் மண்டபத்தில் நண்டு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அதனால் 'கனடா நண்டு கம்பெனிக்கு ஆட்கள் தேவை' என்ற நோட்டீஸைப் பார்த்ததும் விசாரிக்கலாம் என்று தோன்றியது.

அந்த ஒரு மதிப்பெண் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு. பாஸ்போர்ட், போலீஸ் சான்றிதழ், மெடிக்கல் எல்லாம் எந்த வரிசையில் எடுக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். போன் செய்தால் எடுத்தார்.

உள்ளே சுவரில் பெரிய போஸ்டர்: 'கனடா ஆண்டுக்கு 5 லட்சம் பேரை அழைக்கிறது'. அது பழைய கணக்கு. வீடு கிடைக்காமல், வாடகை கட்டி மாளாமல் அந்த ஊர் ஜனங்கள் அவதிப்பட, அதுவே அங்கே பெரிய அரசியல் பிரச்சினை ஆகிவிட்டது. 2024 அக்டோபரில் அப்போதைய பிரதமர் ட்ரூடோவின் அரசு நிரந்தர வசிப்புரிமை (பிஆர்) இலக்கைக் குறைத்தது. 2025-க்கு 5 லட்சம் என்றிருந்ததை 3,95,000 ஆக்கினார்கள். கார்னி பிரதமரான பிறகும் அது ஏறவில்லை, 2026-க்கு 3,80,000தான். தற்காலிகமாக வேலைக்கும் படிப்புக்கும் வருகிறவர்களையும் குறைக்கிறார்கள். இதைச் சொல்லாமல் ஒரு குடும்பத்தை நிலத்தை அடகு வைக்கச் சொல்வது நியாயமா?

அடுத்து, அந்த அலுவலகத்தில் ஆலோசனை சொல்லும் கவுன்சலர் எங்களிடம் கேட்டது மொத்தம் 7 லட்சம். அதில் எல்.எம்.ஐ.ஏ.வுக்கு மட்டும் 4 லட்சம். இதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும். கனடாவில் ஒரு முதலாளி வெளிநாட்டு ஆளை எடுப்பதானால், உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டி அரசிடம் வாங்க வேண்டிய அனுமதிதான் எல்.எம்.ஐ.ஏ. கட்டணம் ஒரு ஆளுக்கு 1,000 கனடா டாலர். அதைக் கட்ட வேண்டியவர் முதலாளி. தொழிலாளியிடம் வசூலிக்கவும் கூடாது, சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. குறைந்த சம்பள வேலை என்றால் போக வர டிக்கெட் செலவும் அவர் தலையில்தான். ஆக, அந்தப் பெயரைச் சொல்லி நம்மிடம் கேட்கும் ஒவ்வொரு ரூபாயும் அந்த நாட்டுச் சட்டத்துக்கே விரோதமானது.

'எல்.எம்.ஐ.ஏ. இருந்தால் பிஆருக்கு 50 பாயிண்ட் கிடைக்கும் அக்கா' என்றார் கவுன்சலர். பிஆருக்கு ஆள் தேர்வு செய்யப் போடும் அந்தப் பாயிண்டை 2025 மார்ச் 25-லேயே எடுத்துவிட்டார்கள்.

ஆஃபர் லெட்டர் ஒன்று காட்டினார். வாங்கி நிதானமாகப் படித்தேன். சம்பளம் மணிக்கு 28 டாலர், வேலை 'பொது உதவியாளர்', இடம் நியூ பிரன்ஸ்விக். அந்த மாகாணத்தில் 2025 ஏப்ரலில் வந்த குறைந்தபட்சக் கூலி 15.65 டாலர். அனுபவமே வேண்டாம் என்கிற வேலைக்கு அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எப்படி வரும்? பிளான்ட் எந்த ஊரில் என்று இல்லை. எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேரும் பெண்ணிடம்கூட வேகவைப்பதா, சதை எடுப்பதா, ஜம்போ, லம்ப், கிளா என்று தரம் பிரிப்பதா என்று சொல்லித்தான் உட்கார வைப்போம். இந்த லெட்டரில் நண்டு என்ற சொல்லே இல்லை.

வருஷம் பூரா வேலை என்றார்கள். அங்கே ஸ்னோ கிராப் என்கிற பனி நண்டு சீசன் தொடங்குவது ஏப்ரல் வாக்கில், நமக்கு மீன்பிடித் தடைக்காலம் வரும் அதே நேரம். குளிர்காலத்தில் அந்தக் கடல் உறைந்து கிடக்கும். நண்டு வராத மாதத்தில் சதை எடுக்க ஆள் எதற்கு? போதாததற்கு 2025 மார்ச்சில் சீனா கனடாவின் கடல் உணவுக்கு 25 சதவீத வரி போட்டது. வரி ஏறினால் முதலில் யார் வேலை குறையும் என்று, அமெரிக்கா நமக்கு 50 சதவீதம் போட்டபோது ஏற்றுமதித் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. வேலையே கிடையாது என்று நான் சொல்லவில்லை. 2024-ல் வெளிநாட்டு ஆட்களை எடுக்கும் விதிகளைக் கனடா இறுக்கியபோதுகூட மீன் பதப்படுத்தும் தொழிலுக்கு விலக்கு கொடுத்தார்கள். ஆனால் அது சீசன் வேலை என்று சொல்லிக் கூப்பிட வேண்டும்.

தங்குமிடம் இலவசம் என்றது வாய்ப்பேச்சோடு சரி. ஓர் அறையில் எத்தனை பேர், சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்டதற்கு 'போனதும் தெரியும்' என்றார்கள்.

பணம் கட்டுமுன் இரண்டு விஷயம் பாருங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு வேண்டும். மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் ஏஜென்ட் பெயர் இருக்கிறதா என்று போனிலேயே பார்க்கலாம். பதிவு உள்ள ஏஜென்டும் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். கனடா குடியேற்ற ஆலோசனைக்குக் காசு வாங்க அந்நாட்டு வக்கீலோ, உரிமம் பெற்ற ஆலோசகரோ, கியூபெக் மாகாண நோட்டரியோ ஆக இருக்க வேண்டும். ஆலோசகர் பட்டியல் இணையத்தில் இலவசம். 'எங்கள் ஆள் டொரண்டோவில் இருக்கிறார்' என்றவர்கள், உரிம எண் கேட்டதும் பேச்சை மாற்றினார்கள்.

ஃபைல் சார்ஜ் என்று 10,000 வாங்கி, ஜிஎஸ்டி எண் இல்லாத ஒரு துண்டுச் சீட்டு கொடுத்திருந்தார்கள். வேண்டாம் என்று சொன்னதும் பாஸ்போர்ட்டை உடனே தந்துவிட்டார்கள். பணத்தில் பாதிதான் வந்தது. மீதி 5,000-க்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். வந்தால் அதையும் இங்கே சேர்க்கிறேன்.