700 கிலோ என்று சொல்லி விற்ற கேரவன்

பெங்களூரில் பிக்கப் வண்டி வைத்திருக்கிற யாராவது, பின்னால் மாட்டி இழுக்கிற கேரவன் வாங்கும் யோசனையில் இருந்தால், முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 5,40,000 ரூபாய் போனது. அதற்கு மேல் டோ பாருக்கு, அதாவது கேரவனை மாட்ட வண்டியின் பின்னால் போடுகிற இரும்புக்கு, 28,000, கடைசியில் ரெக்கவரி வண்டிக்கு 9,000. உயிர் போகவில்லை. தொப்பூர் இறக்கத்தில் அன்றைக்கு எனக்கு முன்னால் வண்டி எதுவும் இல்லை, அவ்வளவுதான் காரணம்.

கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நடிகர்கள் உட்காருகிற வண்டி நினைவுக்கு வரலாம். இது அதுவல்ல. எஞ்சின் கிடையாது, இன்னொரு வண்டி இழுக்கிற டிரெய்லர். ஒரு ஆக்சில், இரண்டு சக்கரம், மேலே ஃபைபர் கூடு. உள்ளே கட்டில், சின்ன அடுப்பு, 120 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. என்னிடம் இருப்பது இசுசு வி-க்ராஸ், 1.9 லிட்டர் டீசல். பீன்யாவில் மெஷின் ஷாப்பில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு வி.ஆர்.எஸ். வாங்கியவன் நான். ராமமூர்த்தி நகரில் வீடு. மாமியார் ஊர் பவானி. ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்திப் பேரப்பிள்ளைகளோடு இரண்டு நாள் இருக்க வேண்டும் என்று ஒரு ஆசை.

ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பட்டறை. பெயர் போடவில்லை, வழக்கு நடக்கிறது. போன முதல் நாளே அந்த ஆள் தமிழில் ஆரம்பித்துவிட்டான். "அண்ணா, திருவண்ணாமலைப் பக்கமா நீங்க? நானும் ஆரணிதான். நம்ம ஆளுங்ககிட்ட நான் லாபமே வைக்கிறதில்ல." பெங்களூரில் யாராவது நம் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டால் நமக்குப் பாதி புத்தி கழன்றுவிடுகிறது. காபி வேறு வாங்கிக் கொடுத்தான்.

எடை எவ்வளவு என்று கேட்டேன். கேட்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. "700 கிலோ அண்ணா, காலியா. எந்த ஜீப்பும் இழுக்கும்" என்றான். பிரேக்? "750க்குக் கீழ இருந்தா பிரேக்கே தேவையில்ல, வெளிநாட்டுலயே அப்படித்தான். உங்க வண்டி இங்கிலாந்துல மூன்றரை டன் இழுக்குது, தெரியுமா?"

இதில் கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், அவன் சொன்னதில் பாதி நிஜம். இங்கிலாந்தில் இந்த வண்டிக்கு மூன்றரை டன் இழுவைத் திறன் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அது தனக்கென்று பிரேக் உள்ள டிரெய்லருக்கு. பிரேக் இல்லாததற்கு அங்கே 750 கிலோ, அல்லது இழுக்கிற வண்டியின் எடையில் பாதி, இரண்டில் எது குறைவோ அதுதான் உச்சவரம்பு. அந்த 750ம் காலி எடை இல்லை, சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு வருகிற மொத்த எடை. அவன் சொன்ன 700 பொய்யாகவே இல்லாமலிருந்தாலும், தொட்டியில் தண்ணீர் நிரப்பினாலே 820 ஆகிவிடும். இந்தக் கூட்டல்கூட எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. ஜன்னலுக்கு எந்த நிறத் திரை போடலாம் என்று வீட்டம்மாவும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள், நானும் அதில் சேர்ந்துகொண்டேன்.

ஆர்.சி.? "அதெல்லாம் வேண்டாம்ணா. உங்க வண்டி நம்பரையே ஒரு பிளேட்டுல எழுதிப் பின்னால மாட்டிக்குங்க." இதுவும் வெளிநாட்டில் சின்ன டிரெய்லர்களுக்கு இருக்கிற வழக்கம்தான். நம் ஊரில் 1988 மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் மோட்டார் வாகனம் என்றே சொல்கிறது. அதற்கென்று தனிப் பதிவு, தனி நம்பர், தனி இன்ஷூரன்ஸ் வேண்டும். பதிவுக்கு விற்பவர் தர வேண்டியது படிவம் 21, அதாவது விற்பனைச் சான்று. தயாரிப்பாளர் தர வேண்டியது படிவம் 22. இந்த இரண்டும் கையில் இல்லை என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துப் பக்கமே போக முடியாது.

டோ பாரை அவனே கைகாட்டிய இன்னொரு கடையில் போட்டேன். ஒரே நாளில் முடித்துக் கொடுத்தார்கள். கறுப்புப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. சந்தேகப்பட வேண்டிய முதல் விஷயமே அந்தப் பெயின்ட்தான். வெல்டிங்கை மறைக்க அதைவிட மலிவான வழி கிடையாது. அந்தத் தொழிலிலேயே இருந்த எனக்கு இது தெரியாமல் போனதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு கிளம்பினோம். அத்திப்பள்ளி தாண்டும் வரை நெரிசல், வேகமே எடுக்க முடியவில்லை, அதனால் ஒன்றும் தெரியவில்லை. கிருஷ்ணகிரிக்கு அப்புறம் 70ஐத் தொட்டதும் பின்னாலிருந்து கடக், கடக் என்று ஒரு சத்தம். ரோடு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். தர்மபுரி தாண்டி தொப்பூர் இறக்கம். லாரிக்காரர்களே சாமி கும்பிட்டுவிட்டு இறங்குகிற இடம் அது.

பாதி இறக்கத்தில் இடது கண்ணாடியில் கேரவனின் மூலை தெரிந்தது. நேராக வந்தால் அது தெரியக் கூடாது. அடுத்த நொடி வலது கண்ணாடியில். மறுபடி இடது, முன்னைவிடப் பெரிதாக. ஸ்டியரிங் கையில் லேசாகிவிட்டது, தண்ணீர் மேல் ஓட்டுகிற மாதிரி. பக்கத்தில் கமலாப்பழம் உரித்துக்கொண்டிருந்த மனைவி உரிப்பதை நிறுத்தினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. பிரேக்கை அழுத்தி மிதிக்கத்தான் கால் போனது. எப்படியோ மிதிக்கவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன், ஸ்டியரிங்கை ஒடிக்காமல் நேராகப் பிடித்தேன், மூன்றாவது கியருக்கு இறக்கினேன். ஆட்டம் மெல்ல அடங்கியது. டிரெய்லரில் எலெக்ட்ரிக் பிரேக் இருந்திருந்தால் கேபினில் இருக்கிற ஒரு சுவிட்சால் டிரெய்லரை மட்டும் பிடித்து நேராக்கியிருக்கலாம். என்னிடம் என்ன இருந்தது, முருகனைத் தவிர.

இறக்கம் முடிந்து டீக்கடையில் நிறுத்தியபோது பிரேக் லைனிங் கருகிய வாடை. எங்களுக்குப் பின்னால் ஒதுங்கி வந்த நாமக்கல் லாரிக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேரவனைச் சுற்றி ஒரு நடை நடந்தார், குனிந்து தொட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்தார்.

"தண்ணி எல்லாம் ஆக்சிலுக்குப் பின்னாடி நிக்குதுங்க. பின்பாரம். ஆடாம என்ன செய்யும்? எடை போட்டீங்களா?"

"700 கிலோன்னு சொன்னாங்க."

"சொன்னாங்க சரி. போட்டீங்களா?"

அப்புறம் அவர் செய்ததை நீங்களும் ஒவ்வொரு முறையும் செய்து பாருங்கள், இரண்டு நிமிஷ வேலை. கப்ளர், அதாவது டோ பாரின் இரும்புக் குண்டை (அதற்குப் பெயர் பால்) மேலிருந்து கவ்வுகிற கேரவனின் மூக்கு, பூட்டியபடியே இருக்க, முன்னால் இருக்கிற ஜாக்கியைச் சுற்றி அதை மேலே தூக்கினார். பூட்டு சரியாக விழுந்திருந்தால் பிக்கப்பின் பின்பக்கமும் கூடவே எழும்ப வேண்டும். பிக்கப் அசையவில்லை. கப்ளர் மட்டும் மெதுவாக மேலே வந்து, பாலை விட்டுப் பாதி கழன்று நின்றது. பூட்டு பூட்டியபடியே இருந்தது.

அதற்கு மேல் இழுக்க எனக்குத் தைரியம் இல்லை. ரெக்கவரி வண்டி பிடித்தேன், ஓசூரில் இருக்கும் மச்சான் வீட்டுக்கு. ஏற்றியதும் வழியில் ஒரு எடை மேடையில் போட்டோம், இறக்கிய பிறகு ரெக்கவரி வண்டியை மட்டும் காலியாக மறுபடி போட்டோம். வித்தியாசம் 1,240 கிலோ. தொட்டியிலிருந்து ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் வைத்திருந்தேன், நாளைக்கு அதையும் இதையும் சொல்வான் என்று. எங்கள் சாமான்களை மச்சானின் தேங்காய் மண்டித் தராசில் வைத்தோம், 110 கிலோ. தண்ணீர் 120. ஆக, காலி எடை 1,010. அவன் சொன்னதைவிட 310 கிலோ கூட.

கப்ளரை அதே தராசில் ஒரு கட்டை வைத்துத் தாங்கவிட்டுப் பார்த்தோம். முன்பாரம், அதாவது பாலின் மேல் அழுத்துகிற எடை, 40 கிலோதான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவிகிதம் பாலின் மேல் அழுத்த வேண்டும் என்பது அமெரிக்காவில் சொல்கிற கணக்கு. எங்களுக்கு மூன்று சதவிகிதத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். தொட்டியைத் திறந்துவிட்டதும் 40 நூறாக ஏறியது. போனில் மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னால், "முன்பாரம் பாக்காமயா மாப்பிள்ளை வண்டி கட்டுனீங்க?" என்கிறார். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு எழும்பிவிடும் என்பது அவர் சின்ன வயதிலிருந்து பார்த்தது. கேரவன் செய்து விற்கிறவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் அளந்து பார்க்க வெர்னியர் அளவுகோலை எடுத்தேன். பால் 47.6 மி.மீ., அதாவது ஒன்றே முக்கால் அங்குலத்துக்கு மேல் இன்னொரு அரைக்கால் அங்குலம் (1 7/8) உள்ள சின்ன சைஸ். கப்ளர் 50 மி.மீ. பாலுக்கானது. கடக் கடக் என்றது இந்த 2.4 மில்லிமீட்டர் இடைவெளிதான். கறுப்புப் பெயின்டைச் சுரண்டினால், டோ பார் வண்டியின் அடிச்சட்டமான சேஸியில் போல்ட் போட்டு நிற்கவில்லை. பம்பரைத் தாங்குகிற பிராக்கெட்டில் இரண்டே போல்ட், மீதி வெல்டிங். அந்த வெல்டிங்கில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். பாதுகாப்புச் சங்கிலி இரண்டு இருக்க வேண்டும், கப்ளருக்கு அடியில் குறுக்காகப் போட வேண்டும், கழன்றால் மூக்கு ரோட்டில் குத்தாமல் தாங்க. எனக்குப் போட்டது ஒன்றே ஒன்று, அதுவும் பம்பரில்.

பட்டறைக்குப் போனேன். அண்ணா போய் சார் ஆகியிருந்தேன். "பில்லைப் பாருங்க சார்" என்றான். அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். 'போர்ட்டபிள் கேபின், சக்கரத்துடன், ஒன்று.' டிரெய்லர் என்ற வார்த்தையே இல்லை. சேஸி நம்பர் இல்லை. "கேபினை நீங்க ஏன் சார் ஹைவேல இழுத்தீங்க?" என்று கேட்டான், முகத்தில் ஒரு சலனம் இல்லாமல். டோ பார் போட்ட கடை, கேரவன் எடை தப்பு என்று பட்டறையைக் காட்டியது. பட்டறை, பால் சைஸ் தப்பு என்று கடையைக் காட்டியது.

என்னிடம் மிஞ்சியது வாட்ஸ்அப். '700 கேஜி, எந்த ஜீப்பும் இழுக்கும்' என்று அவன் அனுப்பியது, பவானி வரை தாராளமாகப் போகலாம் என்ற குரல் பதிவு, எடைச் சீட்டு இரண்டு, படங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் எண் வாங்கினேன். பட்டறை பதிலே போடவில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையம் வழியாகவே தாக்கல் செய்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நாம் குடியிருக்கிற இடத்திலேயே வழக்குப் போடலாம், பட்டறை இருக்கிற இடத்துக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த பணம் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் 200 ரூபாய். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

இதே ஆளிடம் முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள் இருக்கலாம். மீதியைக் கொடுக்கும் முன் உங்கள் கண் முன்னால் எடை மேடையில் ஏற்றச் சொல்லுங்கள், சீட்டை நீங்களே வாங்குங்கள். பில்லில் டிரெய்லர் என்று எழுதச் சொல்லுங்கள். முகம் மாறினால் அங்கேயே கிளம்பிவிடுங்கள், முன்பணம் போனாலும் பரவாயில்லை.

கேரவன் இப்போது ஓசூரில் செங்கல் மேல் நிற்கிறது. ஆணையம் பார்வையிட வரலாம் என்பதால் விற்கவும் முடியாது, பிரிக்கவும் முடியாது. போன வாரம் போய்க் கதவைத் திறந்தால் கட்டில் மேல் தேங்காய் அடுக்கியிருக்கிறது. "மழைக்கு நல்லா இருக்கு மாமா" என்கிறான் மச்சான். எவ்வளவு எடை ஏற்றியிருக்கிறாய் என்று கேட்டேன். போட்டுத்தான் ஏற்றினானாம், 600 கிலோ.