மான் டேக் குலுக்கல்: கொலராடோவா, நெவாடாவா, நியூ மெக்சிகோவா?

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மான் வேட்டைக்கான அனுமதிச் சீட்டை (டேக்) குலுக்கலில்தான் பெரும்பாலும் தருவார்கள்; டேக் விழாத வருடங்களுக்குச் சில மாநிலங்களில் சேர்வதுதான் பாயிண்ட். வெளிமாநிலத்துக்காரர், கையில் ஒரு பாயிண்ட்கூட இல்லை, மியூல் மான் (பெரிய காதுள்ள மேற்கத்திய மான்) டேக் வேண்டும் என்றால் என் ஓட்டு கொலராடோவுக்கு.

நியூ மெக்சிகோவில் பாயிண்டே கிடையாது, சுத்தமான குலுக்கல். டேக்குகளில் 84 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு, 10 சதவீதம் அவுட்ஃபிட்டரோடு (வேட்டைக்கு அழைத்துப்போகும் தொழில்காரர்) ஒப்பந்தம் போட்டவர்களுக்கு. தனியாக வரும் வெளியூர்க்காரருக்கு மிஞ்சுவது 6. காசு கையைக் கடிக்காதென்றால் வருடாவருடம் போட்டுவைக்கலாம். நம்பி லீவு போட முடியாது.

நெவாடாவில் பாயிண்டை வர்க்கமாக்கி ஒன்று கூட்டி, அத்தனை குலுக்கல் எண்கள் தருவார்கள். 5 பாயிண்டுக்கு 26 எண்கள், 10 பாயிண்டுக்கு 101. அவற்றில் ஆகச் சிறிய எண்தான் உங்களுடையது; சிறிய எண்ணுக்கே முதல் வாய்ப்பு. பூஜ்யம் பாயிண்டுக்காரருக்கும் ஓர் எண் உண்டு, அந்த வகையில் நியாயம்தான். கொலராடோவில் பாயிண்ட் அதிகம் உள்ளவருக்கே முதல் உரிமை. பேர்போன யூனிட்களில் (வேட்டைப் பகுதிகளில்) வரிசை வருடத்துக்கு வருடம் நீள்கிறது.

பிறகு ஏன் கொலராடோ? பாயிண்ட் எப்போது கரைகிறது என்பதில்தான் விஷயம். அங்கே விண்ணப்பத்தில் விருப்ப வரிசையில் நான்கு தேர்வுகள் எழுதலாம்; முதல் தேர்வில் டேக் விழுந்தால் மட்டுமே பாயிண்ட் போகும். இரண்டு முதல் நான்காம் தேர்வு வரை எதில் விழுந்தாலும் பாயிண்ட் பத்திரம். ஆகவே முதல் தேர்வில் பாயிண்டுக்கான குறியீட்டை (டி-பி-999-99-பி) போடுங்கள், இரண்டாவதில் உண்மையான வேட்டையை எழுதுங்கள். டேக் விழுந்தால் வேட்டை, கூடவே ஒரு பாயிண்ட்.

பலர் சறுக்குவது இரண்டாம் தேர்வில்தான். எல்லோருடைய முதல் தேர்வும் முடிந்து மீந்த டேக்தான் அடுத்த சுற்றுக்கு வரும். 'கொஞ்சம் சுமாரான' யூனிட் என்று நினைத்து எழுதுவது முதல் சுற்றிலேயே காலியாகியிருக்கும். போன வருடக் குலுக்கல் அறிக்கையில், வெளிமாநிலத்தவர் பத்தியில், இரண்டாம் தேர்வுக்கு டேக் போன வேட்டைக் குறியீடுகளை மட்டும் பொறுக்குங்கள். மான்கள் இணைசேரும் நவம்பரில் வரும் நான்காம் துப்பாக்கி சீசன் அந்தப் பட்டியலில் அகப்படுவது அபூர்வம். அக்டோபர் கடைசியில் தொடங்கும் இரண்டாம் சீசனில் தேடுங்கள். போட்டி ஏறுகிற வேகத்துக்கு இந்த வழி எத்தனை வருடம் தாங்கும் என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

நெவாடாவில் கதை தலைகீழ். உங்கள் எண் வந்ததும் ஐந்து தேர்வுகளையும் பார்த்த பிறகே அடுத்தவரிடம் போவார்கள். எதில் விழுந்தாலும் பாயிண்ட் காலி. சும்மா இருக்கட்டுமே என்று ஐந்தாவதாக எழுதிய மட்டமான யூனிட், பத்து வருடச் சேமிப்பை விழுங்கிவிடும். போக மனமில்லாத யூனிட்டுக்குப் பதில் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

குழுவாக விண்ணப்பித்தால் மட்டும் என் கணக்கு மாறும். கொலராடோ குழுவில் ஆகக் குறைந்த பாயிண்டைத்தான் எடுத்துக்கொள்ளும், நெவாடா சராசரி பார்க்கும். 10 பாயிண்ட் வைத்திருக்கும் அப்பா, புதிதாக வரும் மகனோடு சேர்ந்து போட்டால் கொலராடோவில் இருவருக்கும் பூஜ்யம், நெவாடாவில் ஆளுக்கு ஐந்து.